பாவுக்குப் போக மிச்சக் கஞ்சி

கஞ்சி கொதிக்கும் வாசனை வந்தால் எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த வாசனை தினமும் வருவதில்லை. பாவு போடுகிற நாளில்தான் வரும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு நீளமானது, நேரானது. விடியும்போதே தெருவின் இந்த முனையிலும் அந்த முனையிலும் மரக்கால்களை ஊன்றிப் பட்டு நூலை இழுத்துக் கட்டிவிடுவார்கள். சேலையில் நீளவாக்கில் ஓடும் இழைகள் அத்தனையும் ஒன்றாக அந்தரத்தில் கிடக்கும். அதுதான் பாவு. அன்றைக்குத் தெரு சைக்கிளுக்குக்கூட வழிவிடாது. நாய்கள் அதன் கீழே குனிந்து போகும்.

பாவு தறியில் ஏறுவதற்கு முன் அதற்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். கஞ்சி குடித்த இழைதான் விறைப்பாக நிற்கும். குடிக்காத இழை பிசிர் விட்டு அறுந்துகொண்டே இருக்கும். அப்பாவும் அக்கம்பக்கத்து ஆட்கள் சிலரும் கஞ்சியில் நனைத்த துணியால் இழைகளை வருடிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவார்கள். கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல அவ்வளவு மெதுவாக.

நானும் கோமதி அக்காவும் சட்டியையே பார்த்துக்கொண்டு நிற்போம். பாவு குடித்தது போக மிச்சம்தான் எங்களுக்கு.

அக்கா என் காதில் சொல்வாள். "அடுத்த ஜென்மத்துல பாவா பொறக்கணும்டா. நம்மளுக்கு முன்னாடி கஞ்சி கெடைக்கும்."

ஒரே அகப்பை

அந்தச் சட்டியில் உப்பு படக்கூடாது. உப்பு பட்ட இழை ஈரத்தை விடாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பார் அப்பா. மண்சட்டி ஒருமுறை உப்பைக் குடித்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் அந்தச் சட்டி எங்கள் சமையல் பாத்திரங்களோடு சேராது. அதற்கென்று ஒரு மூலை, அதற்கென்று ஒரு கொட்டாங்கச்சி அகப்பை.

மிச்சக் கஞ்சியை அந்த அகப்பையாலேயே மாற்றி மாற்றிக் குடிப்போம். வீட்டுக்குள் கொண்டுபோய்த் தட்டில் ஊற்றிக்கொள்ளும் வரை பொறுக்க முடியாது. தெருவில் நின்றபடியே குடிப்போம். ஆனால் உப்பில்லாத கஞ்சி எவ்வளவு பசித்தாலும் தொண்டையில் சுலபமாக இறங்காது. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். முந்தானையில் கல் உப்பு கொஞ்சம் முடிந்துகொண்டு வருவாள். சட்டியிலிருந்து தள்ளி நின்று, எங்கள் உள்ளங்கையில் ஆளுக்குக் கொஞ்சம் வைப்பாள். ஒரு நக்கு, ஒரு மடக்கு.

அக்கா இதற்கு ஒரு விதி வைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நக்க வேண்டும். ஒருவர் முந்திக்கொண்டால் அவருக்கு உப்பு முதலில் தீர்ந்துவிடும், பிறகு அடுத்தவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். "ம்" என்பாள். நக்குவோம். வேர்வையும் உப்பும் சேர்ந்த அந்த ருசி, கையின் அழுக்கு உட்பட, இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

எதிர் வீட்டு சரசு அக்காவுக்கு இது பிடிக்காது. அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியே விட்டார்.

"கனகம், உப்ப கையில குடுக்காதம்மா. ஒறவு முறிஞ்சிடும். கீழ வெச்சா அதுங்களே எடுத்துக்கும் இல்ல?"

"தெருவுல எங்க வெக்கிறது சரசு? பெத்தவ குடுத்தா ஒண்ணும் ஆவாது" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அந்தப் பேச்சை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிற்பாடு பல வருஷம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இருந்த அரிசி

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, நிஜமாகவே அவ்வளவு கஷ்டமா, வீட்டில் ஒரு பிடி அரிசிகூடவா இருக்காது என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எதிரில் ஆள் நின்று கேட்டால் எனக்கு நாக்கு எழாது. இங்கே சொல்லிவிடுகிறேன். அரிசி இருந்தது.

பரணில் ஒரு தகர டப்பா. அதில் பாவுக்கென்று எடுத்து வைத்த அரிசி எப்போதும் இருக்கும். நூலும் பாவும் முதலாளி வீட்டிலிருந்து வரும், நெய்து கொடுத்தால் கூலி. பாவு எப்போது வரும் என்று தெரியாது. வந்த அன்று கஞ்சிக்கு அரிசி இல்லை என்றால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதனால் அந்த டப்பாவை யாரும் தொட மாட்டார்கள்.

மற்றப் பிள்ளைகள் லீவு விட்டால் கத்திக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு லீவு என்றால் மதியச் சாப்பாடு இல்லாத நாள். அப்படி ஒரு நாள் அப்பா பரணிலிருந்து டப்பாவை இறக்கினார். மூடியைத் திறந்து பார்த்தார். நானும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூடி, ஏறி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா தண்ணீர்ச் செம்பை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த மாதிரி நாட்களில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் நடப்பாள். பெருமாள் கோயிலில் ஏதாவது உற்சவம் என்றால் பிரசாதம் கிடைக்கும். வரிசையில் நிற்க எனக்குக் கூச்சம். கையை நீட்ட அதைவிடக் கூச்சம். தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். அக்கா இரண்டு கையையும் நீட்டுவாள். ஒரு கை போதும் என்று ஒருமுறை யாரோ அதட்டினார்கள்.

"இது என்து. இது என் தம்பிது. அவன் வெக்கப்பட்டுக்கினு அந்தத் தூண் பின்னாடி நிக்கிறான், வேணும்னா வந்து பாருங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் புளியோதரை கிடைத்தது. மிளகு இருந்தது, உப்பு இருந்தது.

என் கையை நீட்ட வேண்டிய இடத்திலெல்லாம் அவள் கை நீண்டது. இப்படித்தான் நான் வளர்ந்தேன்.

கூரத்திலிருந்து வந்தவர்கள்

அம்மாவின் தங்கை கூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். சித்தப்பாவுக்கு ஊர் நடுவில் மளிகைக் கடை. அந்தக் கடையை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். வெளியே உப்பு மூட்டை இருக்கும். கடை சாத்திய பிறகும் அது வெளியேதான் இருக்கும். உப்பை யாரும் திருட மாட்டார்களாம். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

சித்திக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. பெரியவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு பிள்ளை கூரத்தில் வளரட்டும்.

யார் என்பதில் பேச்சே இல்லை. நான்தான். அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் கரைக்குத் தனியாக ஒரு நாடா, குறுக்கு இழையைச் சுமந்து போகும் கட்டை, ஓட வேண்டும். அதை எறிய நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்தாள். அவள் கை நல்ல கை. அவளை அனுப்பினால் தறி நின்றுவிடும். சித்தப்பாவுக்கும் கடையில் உட்கார ஒரு பையன் வேண்டியிருந்தது. கூரத்தில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

போக எனக்கு ஆசையா, பயமா என்று கேட்டால் இரண்டும்தான். மூன்று வேளை சோற்றை நினைத்தால் ஆசை. அங்கே எனக்காகக் கையை நீட்ட யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தால் பயம். அக்காவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. வழக்கத்தில் அவள் அப்படி இருக்க மாட்டாள்.

சித்தியும் சித்தப்பாவும் வந்த மறுநாளே முதலாளி வீட்டிலிருந்து வந்திருந்த பாவைப் போடவேண்டியிருந்தது. தெருவில் ஆள் வேண்டும். அதனால் அப்பா, "பாவு காஞ்சதும் கெளம்புங்க சகல, கடைசியில ஒரு கை புடிச்சிட்டுப் போயிடலாம்" என்றார்.

என் இரண்டு சட்டையையும் ஒரு மஞ்சள் பையில் அம்மா போட்டு வைத்தாள்.

காயாத பாவு

அன்று வாசல்படியில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவு காய்ந்தால் நான் கிளம்ப வேண்டும். அதனால் பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தரிப்பூ நிறம். காய்ந்துகொண்டு வரும்போது பட்டு வெளிறி, பிறகு பளபளப்பு ஏறும். அன்று அது வெளிறவே இல்லை. லேசாக மேகம் போட்டிருந்தது. அதனால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு தரம் வானத்தைப் பார்த்தார். மேகம் விலகி நல்ல வெயில் வந்தது. அப்போதும் இழைகள் ஈரமாகவே, கருத்துப்போய்க் கிடந்தன. பிரித்துவிட்ட இழைகள் மறுபடி ஒட்டிக்கொண்டன.

சரசு அக்காவின் கணவர் பலராமன் அண்ணன் நடுவில் நின்று இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துப் பார்த்தார். விரலை நாக்கில் வைத்தார்.

"அண்ணே" என்று அப்பாவைக் கூப்பிட்டார். "உப்பு கரிக்குதுண்ணே."

தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அப்பா வந்து ஒரு இழையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அங்கேயும் ஒரு இழையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கையில் கொட்டாங்கச்சி அகப்பை இருந்தது. அம்மாவின் வாய் லேசாகத் திறந்தது.

"நான்தான்பா போட்டேன்" என்றாள் அக்கா.

அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். நடுவில் பாவு. அதைச் சுற்றிக்கொண்டு வராமல் அங்கிருந்தே சொன்னாள்.

"எதுக்கு?"

"தம்பி ஊருக்குப் போறானேன்னு. உப்புப் போட்ட கஞ்சி ஒரு நாளைக்காவது குடிக்கட்டுமேன்னு."

யாரோ ஒரு அம்மாள் ஐயோ என்றார். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததுபோல எனக்கு இருந்தது. பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"சகல, பொண்ண கூட்டிக்கினு போ. இந்தக் கை இனிமே பாவுக்கு ஆவாது."

சித்தப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. கடைக்குப் பையன்தானே என்று ஏதோ சொல்லப் பார்த்தார். எனக்குப் பொண்ணுன்னா சந்தோஷந்தான் என்று சித்தி எழுந்துவிட்டார்.

என் மடியிலிருந்து பையை எடுத்து, என் சட்டைகளை வெளியே வைத்து, அக்காவின் பாவாடையை உள்ளே வைத்ததும் சித்திதான். அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அக்கா போகும்போது ஒருமுறை என்னைப் பார்த்தாள். தெரு முனையில் மரக்காலைச் சுற்றிக்கொண்டு போய் மறைந்தாள்.

ஆண்கள் பாவை அவிழ்த்துத் தண்ணீரில் அலசினார்கள். சாயம் விட்டது. பாதிக்கு மேல் வீணானது. முதலாளி வெகுநாளைக்கு எங்களுக்கு வேறு பாவு கொடுக்கவில்லை.

மிச்சக் கஞ்சி சட்டியிலேயே இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே போய் உட்கார்ந்து அகப்பையால் மொண்டு குடித்தேன். உள்ளங்கையில் உப்பு வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் ருசியாகத்தான் இருந்தது.

மூன்று பேர்

அந்த வருஷம் ஐந்தாவது முடித்தேன். ஆறாவதுக்குப் போகவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் அக்காவின் இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டதில்லை. பேசியதும் இல்லை. தறிச் சத்தம் இருக்கும்வரை அது தெரியாது. தறி நின்றதும் தெரியும். அக்கா இருந்தபோது வீட்டில் ஒரே பேச்சாக இருக்கும், அப்பா எரிச்சலில் நாடாவைத் தட்டுவார். இப்போது அப்பா எரிச்சல்பட எதுவும் இல்லை. தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் அவர்கள் குரல் ஜன்னலைத் தாண்டிப் போகும். நான் தலையைத் தூக்க மாட்டேன். தூக்கினால் இழை தவறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

உப்பைக் கையில் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று நம்பினேன். சரசு அக்கா சொன்னதுபோல உறவு முறிந்துவிட்டது. அம்மாவை அன்றைக்கே யாராவது தடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கலுக்கு அக்கா வந்தாள். கன்னம் உப்பி, ரிப்பன் கட்டி, புதுப் பாவாடை கட்டியிருந்தாள். விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். எனக்கு என் சொந்த அக்காவைப் பார்த்தே கூச்சமாகப் போய்விட்டது. கதவோரம் நின்றேன். அவள் கடையைப் பற்றிப் பேசினாள். வெல்லம், சீயக்காய், கடன் சொல்லும் வாடிக்கைக்காரர்கள். நான் அதற்கெல்லாம் என்ன சொல்ல முடியும்?

சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. அக்கா பழைய ஞாபகத்தில், சிரித்துக்கொண்டே, அம்மாவிடம் உள்ளங்கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை. அக்கா கையை மடக்கிக்கொண்டாள்.

அதற்குள்ளாகவே அம்மா உப்பை விட்டிருந்தாள். எங்களுக்கு உப்புப் போட்டுச் சமைப்பாள். அதற்கு முன்பே தனக்கு ஒரு கரண்டி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்வாள். கேட்டால், "நேர்ந்துக்கினு இருக்கேன்பா" என்பாள். எந்தச் சாமிக்கு என்றால், "இருக்குது ஒரு சாமி" என்று பேச்சை முடித்துவிடுவாள். மகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டும் என்று நேர்த்தி என்று தெருவில் சொன்னார்கள். அக்காவுக்குக் கூரத்திலேயே கல்யாணம் ஆனது. பிள்ளைகள் பிறந்தார்கள். அம்மா உப்பைத் தொடவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தார். அப்போதும் தொடவில்லை.

எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி வேறொரு சமயம் எழுத முடிந்தால் எழுதுகிறேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். உப்பில்லாத சாப்பாட்டை அம்மா விழுங்குவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பாதி ஆயுள் போய்விட்டது.

இலை ஓரத்தில்

போன வருஷம் அம்மா இறந்தாள். காரியம் முடிந்து படையல் போட்ட அன்று, அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் அக்கா சமைத்தாள். நான் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், எதிலும் உப்புப் போட வேண்டாம், அம்மா சாப்பிட மாட்டாள் என்று.

எல்லாம் பரிமாறிய பிறகு அக்கா உப்பு ஜாடியை எடுத்து வந்து, இலையின் ஓரத்தில் கை நிறைய வைத்தாள். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள்.

"அக்கா, அம்மா நேர்ந்துக்கினு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். இனிமே போட்டுக்கட்டும்" என்றாள்.

அவள் குரல் அப்படி இருந்தது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்பதற்குத் தைரியம் வர எனக்குச் சில மாதம் பிடித்தது.

கடைக்குப் பின்னால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரத்துக்குப் பஸ் ஏறினேன். சித்தியும் சித்தப்பாவும் காலமாகிவிட்டார்கள். கடையை இப்போது அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். வெளியே உப்பு மூட்டை இல்லை. பாக்கெட் உப்புதான், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கே என்னை உட்கார வைத்துவிட்டுக் கல்லாவுக்கும் உள்ளுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொல்ல வாய் வராமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே கேட்டாள்.

"இன்னாடா, உப்பு விஷயமா?"

தலையாட்டினேன்.

"அம்மாதான்டா போட்டுது" என்றாள்.

எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல், நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீ போறேன்னு அழுதுக்கினே கிண்டிக்கினு இருந்துது. பக்கத்து அடுப்புல சித்தி, சித்தப்பாவுக்குன்னு ஒரு சின்னச் சட்டியில கஞ்சி. கை அதுபாட்டுக்கு உப்ப எடுத்துது, பாவுச் சட்டியில போட்டுடுச்சு. நான் பாத்தேன். அம்மாவும் பாத்துது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினோம். கொட்டிட்டு வேற வைக்க அரிசி ஏது? கொஞ்சம்தானே, பாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டோம்."

"அப்பாவுக்கு?"

"அம்மா மூஞ்சிய பாத்தாரே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. ஊரே நிக்குது. பொண்டாட்டி போட்டான்னு சொன்னா யாரு அவர நம்பிப் பாவு குடுப்பாங்க? கொழந்த போட்டுச்சுன்னா ரெண்டு நாள் பேசுவாங்க. நான் சொன்னத புடிச்சிக்கினாரு."

அத்தனை வருஷம் அந்த வீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தேன். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

"யாரும் எங்கிட்ட சொல்லலியே" என்றேன்.

"நீ யார்ட்டயும் கேக்கலியேடா."

அது உண்மைதான். நான் கேட்கவில்லை. வெகுநாளாக மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். எனக்காக நீ போனாய், அம்மாவுக்காகப் போனாய், நான் உனக்கு என்ன செய்தேன் என்று ஏதோ உளறினேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒனக்காகவும் இல்ல, அம்மாவுக்காகவும் இல்ல. கூரத்துல மூணு வேளை சோறு. நீ போறியேன்னு எனக்கு வயிறு எரிஞ்சிக்கினு இருந்துது. ஒங்கூடப் பேசக்கூட இல்ல, ஞாபகம் இருக்குதா? அப்பா கேட்டாரு, வாய் தானா தொறந்துடுச்சு. போவணும்னு இருந்துது, போயிட்டேன்."

கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இரு என்று குரல் கொடுத்தாள்.

"மொத நாளு சித்தி சோறு போட்டுக்கினே இருந்தாங்க. துன்னேன், வாந்தி எடுத்தேன், மறுபடி துன்னேன். அப்புறம் ஒரு நாள் உப்ப கையில வெச்சிக்கினு 'ம்'முன்னு சொன்னேன். பக்கத்துல யாரும் இல்ல."

இதையெல்லாம் நான் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். அம்மாவைப் பற்றி என்பதால் கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா என்ன தியாகி கியாகின்னு எழுதின, கூரத்துப் பக்கம் வராத."

அதனால் அப்படி எழுதவில்லை. அவள் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மதியத்துக்குக் கஞ்சி வைத்திருந்தாள். இரண்டு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றினாள். அவளுக்கு இரத்த அழுத்தம், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் உப்புப் போடாமல்தான் வைப்பாளாம். அலமாரியிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் நின்றாள்.

"கைய நீட்டு."

"கையில வாங்கக் கூடாதுன்னுவாங்க" என்றேன். இந்த வயதிலும் அதைத்தான் சொல்லத் தோன்றியது.

"முறியறதெல்லாம் முறிஞ்சாச்சு. நீட்டுடா."

நீட்டினேன். என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தாள். தன் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்தாள். அதற்குள் கடையிலிருந்து மறுபடியும் குரல் வந்தது. யாருக்கோ அவசரமாகத் தீப்பெட்டி வேண்டும்.

"இருடா, வந்துட்டேன்" என்று உப்புக் கையை மூடிக்கொண்டு எழுந்து போனாள். மற்றக் கையால் சில்லறையைத் தேடும் சத்தம் கேட்டது. யாரிடமோ, உள்ள என் தம்பி வந்திருக்கான் என்று சொன்னாள்.

கஞ்சியில் ஆடை கட்டத் தொடங்கியது. உள்ளங்கை வேர்த்து உப்பு ஓரத்தில் கரைந்துகொண்டிருந்தது. நான் நக்கவில்லை. கையை நீட்டியபடியே அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.